அறுகோணி நெய்யரியில் உள்ள படத்தைச் சாதாரணத் திரையில் சரியாகக் காட்டுவது எப்படி?

கரையோரன் (கேள்வி)

வணக்கம். யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். செய்மதிப் படங்களில் இருந்து யாழ்ப்பாணக் கடனீரேரியின் நீர்ப்பரப்பையும் கரைக்கோட்டையும் பிரித்தெடுப்பது எனது இறுதியாண்டுச் செயற்றிட்டம். மூலப்படங்கள் சென்ரினல்-2 செய்மதியின் 10 மீற்றர் பட்டைகள், அதாவது ஒரு பிக்சலின் பக்கம் நிலத்தில் 10 மீற்றர். பச்சைப் பட்டைக்கும் அண்மைச் செந்நிறக்கீழ் (செந்நிறத்துக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத ஒளி) பட்டைக்கும் உள்ள வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து வரும் நீர்ச்சுட்டியைக் கொண்டு, ஒவ்வோர் இடமும் நீரா நிலமா என்று தீர்மானிக்கிறேன்.

சதுரப் பிக்சல்களில் எனக்கு வந்த சிக்கல் இணைப்புப் பற்றியது. கடனீரேரிக்குக் குறுக்கே போட்ட மேட்டுப் பாதைகளான பண்ணைத் தாம்போதியும், பொன்னாலையில் இருந்து காரைநகருக்குச் செல்லும் தாம்போதியும் இந்தப் பிரிதிறனில் ஒன்றிரண்டு பிக்சல் அகலமே வருகின்றன. அவை சாய்வாகச் செல்லும் இடங்களில் நிலப் பிக்சல்கள் மூலையோடு மூலை தொட்டுக்கொண்டு நிற்கின்றன. மூலைத் தொடுகையை இணைப்பாகக் கொண்டால் தாம்போதி அறுபடுவதில்லை; ஆனால் அதே விதியை நீருக்கும் பயன்படுத்தினால், இரு பக்கத்து நீரும் அதே மூலையூடாக ஒன்றாகிவிடுகிறது. மூலைத் தொடுகையை இரண்டுக்கும் மறுத்தால், தாம்போதி துண்டு துண்டாகிறது, நீரும் சேர்வதில்லை. நிலத்துக்கு ஒரு விதி, நீருக்கு வேறொரு விதி என்று வைத்துச் சமாளிக்கலாம் என்பது தெரியும். ஆனால் எனது வேலையில் நீர், நிலம், கண்டல், உப்புத்தரை என்று நான்கு வகைகள் இருப்பதால் அந்த வழி உதவவில்லை.

இதனால் தரவை அறுகோணி நெய்யரிக்கு, அதாவது தேன்கூடு போல ஆறுபக்கக் கலங்கள் அடுக்கிய அமைப்புக்கு, மாற்றினேன். அங்கே மூலைத் தொடுகை என்பதே இல்லை. ஒவ்வொரு கலத்துக்கும் ஆறு அயற்கலங்கள், ஆறும் ஒரே தூரத்தில், ஆறும் முழுப் பக்கத்தால் தொடுகின்றன. கலங்களின் மையங்களுக்கு இடையே 10.75 மீற்றர், நிரைகளுக்கு இடையே 9.31 மீற்றர் என்று வைத்தேன். அப்படி வைத்தால் ஒரு கலத்தின் பரப்பு பழைய பிக்சலைப் போலவே ஏறத்தாழ 100 சதுர மீற்றர். 20 கிலோமீற்றருக்கு 20 கிலோமீற்றர் பகுதி, 1861 நிரல்களும் 2149 நிரைகளுமாக, ஏறத்தாழ 40 இலட்சம் கலங்கள். ஒற்றை எண் நிரைகள் அரைக்கலம் வலப்பக்கம் தள்ளி நிற்கின்றன. நினைவகத்தில் இது சாதாரண இரு பரிமாண அணியாகவே இருக்கிறது.

பிரிப்பு வேலை திருப்தியாக நடக்கிறது; படத்தைக் காட்டுவதில்தான் நிற்கிறேன். அணியை அப்படியே படமாகத் திறந்தால் நிலப்பரப்பு நெடுக்கில் இழுபட்டுத் தெரிகிறது. நெடுக்கு விகிதத்தைக் குறைத்தால் உருவம் சரியாகிறது, ஆனால் வடக்குத் தெற்காகச் செல்லும் கரைகள் எல்லாம் வாள்பல் போல நெளிகின்றன. பைதனின் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப்பில் ஒவ்வொரு கலத்தையும் பல்கோணியாக வரையச் சொன்னால், சிறு துண்டுக்கு அழகாக வருகிறது. முழுப்படத்துக்குக் கணினி அசையாமல் நின்றுவிடுகிறது. திரும்பவும் சதுரப் பிக்சலுக்கு மாற்றிக் காட்டலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அப்படிச் செய்தால் அறுகோணிக்கு மாற்றியதன் பயன் போய்விடாதா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றி உடையவனாக இருப்பேன்.

வடலி

தம்பி, உங்கள் படத்தில் இரண்டு பிழைகள் ஒன்றாகச் சேர்ந்து தெரிகின்றன. அவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால் வழி எளிது.

முதலாவது விகிதம். அறுகோணி நெய்யரியில் நிரைகளுக்கு இடையிலான தூரம், நிரைக்குள் உள்ள மையங்களின் இடைவெளியில் √3/2 பங்கு, அதாவது 0.866. சதுரப் பிக்சலில் அது 1 என்று கொள்ளப்படுவதால்தான் படம் நெடுக்கில் 15.5 சதவீதம் இழுபடுகிறது. உங்கள் எண்களிலும் அது அப்படியே நிற்கிறது: 2149ஐ 1861 ஆல் வகுத்துப் பாருங்கள். இரண்டாவது, அரைக்கலத் தள்ளல். விகிதத்தைத் திருத்துவதால் இது திருந்தாது, ஏனெனில் ஒற்றை எண் நிரைகள் இன்னும் தவறான இடத்தில்தான் நிற்கின்றன. வாள்பல் அங்கிருந்துதான் வருகிறது.

இரண்டையும் ஒரே அடியில் தீர்க்க, ஒவ்வொரு கலத்தையும் பல திரைப் பிக்சல்கள் கொண்ட ஒரு கட்டியாகக் காட்டுங்கள். மிகச் சிறிய கட்டி, 2 அகலம் 2 உயரம். ஒற்றை எண் நிரைகளை ஒரு பிக்சல் தள்ளினால் தள்ளல் சரியாகிவிடும். செங்கல் அடுக்கிய சுவர் மாதிரி வரும். ஆனால் விகிதம் அப்படியே பிழையாக நிற்கும். அகலம் இரட்டை எண்ணாக இருக்கவேண்டும், உயரம் அகலத்தின் 0.866 பங்குக்குக் கிட்டவாக இருக்கவேண்டும் என்று தேடிக்கொண்டு போனால், 6 அகலம் 5 உயரத்தில் பிழை 3.8 சதவீதம், 8 அகலம் 7 உயரத்தில் 1 சதவீதம். அதற்கு மேலே 30 அகலம் 26 உயரம் என்று போனால் பிழை 0.1 சதவீதத்துக்கும் குறைவு, ஆனால் கலம் திரையில் மிகப் பெரிதாகிவிடும். நான் எப்போதும் 8க்கு 7ஐத்தான் எடுப்பேன்.

இந்த 56 பிக்சல்களைச் செவ்வகமாக வைக்கத் தேவையில்லை. உண்மையான அறுகோணி வடிவத்திலேயே அடுக்கலாம். மேலிருந்து கீழாக ஒன்பது வரிகள் எடுங்கள்: முதல் வரியில் 2 பிக்சல், அடுத்ததில் 6, பிறகு ஐந்து வரிகளில் எட்டு எட்டாக, அதன் பிறகு 6, கடைசியில் 2. எல்லாவற்றையும் நடுவாக வையுங்கள். கூட்டினால் 56 வரும். கலத்தின் உயரம் ஒன்பது வரியாக இருந்தாலும் அடுத்த நிரை ஏழு வரி கீழேதான் தொடங்கும். மேல் நிரைக் கலங்களின் கடைசி இரு வரிகளும் கீழ் நிரைக் கலங்களின் முதல் இரு வரிகளும் ஒன்றின் இடைவெளியில் மற்றது சரியாகப் பொருந்தும். 6 இருக்கும் வரியில் 2 வரும், 2 இருக்கும் வரியில் 6 வரும். ஒரு பிக்சல்கூட இடைவெளியும் இல்லை, மேற்படிதலும் இல்லை. ஒரு தாளில் கட்டம் போட்டு நிரப்பிப் பார்த்துவிட்டு நிரலை எழுதினால் தடுமாற்றம் இராது.

முழுப்படத்தையும் இப்படி விரிக்க வேண்டாம். 14,892க்கு 15,045 என்ற அளவில், 22 கோடிக்கு மேற்பட்ட பிக்சல்கள் வரும். பார்க்கும் சாளரத்துக்குள் விழும் கலங்களை மட்டும் விரியுங்கள்.

கணிச்சி

வடலி சொன்னது கிட்டப் பார்வைக்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் அது குறிப்பிட்ட ஓர் உருப்பெருக்கத்துக்கு மட்டுமே பொருந்தும். பார்ப்பவர் சுட்டியின் சில்லை உருட்டி விரும்பிய அளவுக்குப் பெருப்பிக்க வேண்டும் என்றால் எதிர்த்திசையில் சிந்திக்கவேண்டும். கலத்தில் இருந்து தொடங்கித் திரைக்குப் போகாமல், திரையில் இருந்து தொடங்கிக் கலத்துக்கு வாருங்கள். ஒவ்வொரு திரைப் பிக்சலும் நிலத்தில் எந்த இடத்தைக் குறிக்கிறது என்று மீற்றரில் கணித்து, அந்த இடத்துக்கு மிக அண்மையில் உள்ள மையம் எது என்று கேளுங்கள். மிக அண்மையான மையத்தின் நிறத்தைப் பூசினால், அறுகோணிகள் தாமாகவே உருவாகும். ஒரு பல்கோணிகூட வரையத் தேவையில்லை. 1920க்கு 1080 திரையில் ஏறத்தாழ 20.7 இலட்சம் பிக்சல்கள். படம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வேலையின் அளவு அவ்வளவுதான். பைதனின் அணிக் கணிப்பு நூலகமான நம்பையில் சுழல் இல்லாமல் முழு அணியாகச் செய்தால் சாதாரண மடிக்கணினியே தாங்கும்.

அண்மையான மையத்தைக் கண்டுபிடிப்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். நெடுக்குத் தூரத்தை 9.31 ஆல் வகுத்து முழு எண்ணாக்கி நிரையை எடுத்து, பிறகு அந்த நிரைக்குள் நிரலைத் தேடினால், கிடைப்பது அறுகோணி அன்று, செங்கல். நிரைகளின் எல்லைக்கு அருகில் உள்ள பிக்சல்கள் தவறான கலத்துக்குப் போய்விடும்.

சரியான வழி இதுதான். இரட்டை எண் நிரைகளை மட்டும் தனியாகப் பாருங்கள், அவை 10.75 மீற்றர் அகலமும் 18.62 மீற்றர் உயரமும் கொண்ட சாதாரணச் செவ்வக நெய்யரி. ஒற்றை எண் நிரைகளும் அதே அளவுள்ள இன்னொரு செவ்வக நெய்யரி, 5.375 மீற்றர் வலப்பக்கமும் 9.31 மீற்றர் கீழும் தள்ளி நிற்கிறது. செவ்வக நெய்யரியில் அண்மையான புள்ளியைக் கண்டுபிடிக்க, கிடைத் தூரத்தையும் நெடுக்குத் தூரத்தையும் தனித்தனியே முழு எண்ணாக்கினால் போதும். இரண்டிலும் ஒவ்வொரு வேட்பாளரை எடுத்து, தூரத்தின் வர்க்கங்களை ஒப்பிட்டு, சிறியதைத் தெரிவுசெய்யுங்கள். வர்க்கமூலம்கூடத் தேவையில்லை. மூன்று அச்சு ஆள்கூறுகளை வைத்து முழு எண்ணாக்கும் முறையும் உண்டு. அது அயற்கலங்களைத் தேடுவதற்கும் தூரம் கணிப்பதற்கும் மிக வசதியானது. ஆனால் காட்டுவதற்கு இந்த இரு செவ்வக முறையே பிழைபடாமல் எழுதக்கூடியது என்பது எனது எண்ணம். ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறம் கணிக்கும் வரைகலை அட்டையின் நிழலாக்கி நிரலிலும் இதே கணக்கை அப்படியே போடலாம்.

விளிம்புகள் கரடுமுரடாகத் தெரிந்தால், ஒவ்வொரு திரைப் பிக்சலுக்குள்ளும் நான்குக்கு நான்காக 16 இடங்களில் கேட்டுச் சராசரி எடுங்கள். அந்தச் சராசரியைத் திரைக்கான நிற எண்களில் எடுக்கக்கூடாது. 0 கறுப்பும் 255 வெள்ளையும் பாதிக்குப் பாதி கலந்தால் எண்களின் சராசரி 127 அல்லது 128 என்று வரும். ஆனால் ஒளியின் அளவில் பாதி என்பது வழக்கமான திரைகளில் ஏறத்தாழ 188. இந்த வித்தியாசத்தைக் கவனியாவிட்டால் விளிம்புகள் எல்லாம் கறுத்துத் தெரியும். உங்களிடம் இருப்பவை தெறிப்புத்திறன் பெறுமானங்கள், அதாவது விழும் ஒளியில் எவ்வளவு பங்கு தெறிக்கிறது என்பது. அவை ஒளியளவுக்கு நேர்விகிதமானவை. எனவே முதலில் சராசரி, கடைசியில் திரை நிறமாக்கம் என்ற ஒழுங்கைக் காத்தால் போதும்.

கோண்டாவில் ஆசிரியர்

இருவரும் நன்றாக விளக்கியிருக்கிறார்கள். ஆயினும் கேள்வி கேட்ட பிள்ளை, முறையைத் தெரிவுசெய்ய முன்னர் வேறொன்றைத் தீர்மானிக்கவேண்டும் என்று நினைக்கிறேன்: நீங்கள் காட்ட விரும்புவது உங்கள் தரவையா, அல்லது அந்தத் தரவு குறிக்கும் கடனீரேரியையா?

எங்கள் வீடுகளில் போடும் ஊடுபுள்ளிக் கோலத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு வரியின் புள்ளிகள் அடுத்த வரியின் இடைவெளிகளுக்கு நேரே நிற்கும். உங்கள் நெய்யரியும் அதுவே. புள்ளிகளை வைத்த பிறகு கோட்டை எப்படி இழுப்பது என்பது போடுபவரின் தெரிவு. உங்கள் அணியில் இருப்பவை புள்ளிகளின் பெறுமானங்கள் மட்டுமே. அறுகோணி என்பது அந்தப் புள்ளியைச் சுற்றி நாங்கள் வரைந்துகொள்ளும் எல்லை. சதுரப் பிக்சலுக்கும் இது பொருந்தும்; பழக்கத்தினால் அதை மறந்துவிட்டோம். எனவே சதுரத் திரையில் காட்டும்போது ‘அறுகோணித்தன்மை போய்விடுமே’ என்று கவலைப்படவேண்டியது, அறுகோணி எல்லையையே பார்வையாளருக்குக் காட்டவேண்டிய சந்தர்ப்பத்தில் மட்டும்.

வகைப் படத்துக்கு அந்தச் சந்தர்ப்பம் உண்டு. நீர், நிலம், கண்டல், உப்புத்தரை என்று பெயரிட்ட கலங்களுக்கு நடுவில் இடைப்பெறுமானம் என்ற ஒன்று கிடையாது. நீருக்கு 1, நிலத்துக்கு 2, கண்டலுக்கு 3 என்று எண் கொடுத்து, நீருக்கும் கண்டலுக்கும் நடுவே சராசரி எடுத்தால் நிலம் வந்து நிற்கும். பண்ணைத் தாம்போதி அறாமல் ஒரே தொடராக நிற்கிறது என்பதைத் தேர்வாளருக்குக் காட்டவேண்டும் என்றால், கலங்களையே பெரிதாக, எல்லை தெரியக் காட்டுங்கள். அங்கே வடலியின் 8க்கு 7 மிகப் பொருத்தம். உணரிகளை அறுகோணி நெய்யரியாக அடுக்கிய காமாக்கதிர்த் தொலைநோக்கிகளின் கமராக்களும் இந்த வழியைத்தான் பின்பற்றுகின்றன: வெரிட்டாசின் கமராவில் 499 உணரிகள், மாஜிக்கில் 1039, ஹெஸ்ஸின் நான்கு சிறிய தொலைநோக்கிகளில் ஒவ்வொன்றிலும் 960. ஒவ்வோர் உணரியும் தனித்தனியே முக்கியம், எண்ணிக்கையும் சிறிது. ஆகவே ஒவ்வொன்றையும் கலமாக வரைந்து காட்டுகிறார்கள். உங்களிடம் இருப்பவை 40 இலட்சம்.

நீர்ச்சுட்டியோ தெறிப்புத்திறனோ என்றால் நிலைமை வேறு. அது தொடர்ச்சியாக மாறும் கணியம். கிட்டப் பார்வையில் அதைத் தட்டையான அறுகோணிகளாகக் காட்டினால், பார்ப்பவரின் கண் கடலைப் பார்க்காமல் தேன்கூட்டைப் பார்க்கும். இங்கே இடைக்கணிப்பே தகும். எந்தத் திரைப் புள்ளியை எடுத்தாலும் அதைச் சூழ்ந்து மூன்று மாதிரிப் புள்ளிகள் ஒரு சமபக்க முக்கோணியாக நிற்கும். திரைப் புள்ளியை மூன்று உச்சிகளோடும் இணைத்தால் முக்கோணி மூன்று சிறு முக்கோணிகளாகப் பிரியும். ஓர் உச்சிக்கு எதிரே உள்ள சிறு முக்கோணியின் பரப்பை முழுப் பரப்பால் வகுத்தால் வருவது அந்த உச்சியின் நிறை. மூன்று நிறைகளும் சேர்ந்து 1. சதுர நெய்யரியில் நான்கு பெறுமானங்களை வைத்துச் செய்வதை இங்கே மூன்றால் செய்துவிடலாம். மிகவும் பெருப்பித்தால் முக்கோணிகளின் மடிப்புகள் மெல்லிதாகத் தெரியும். அதற்கு மேல் வழவழப்பு வேண்டுமானால், அறுகோணி நெய்யரிக்கென்றே வான் டி வில், புளு, உன்சர் ஆகியோர் 2004 இல் வெளியிட்ட ஸ்பிளைன் சார்புகள் இருக்கின்றன. இறுதியாண்டு வேலைக்கு முக்கோணி முறை தாராளம்.

மூன்றாவது, முழுப்படப் பார்வை. இதில்தான் கணிச்சி சொன்ன அண்மை மைய முறையை அப்படியே எடுக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 20 கிலோமீற்றர் உயரத்தை 1000 திரைப் பிக்சல்களுக்குள் அடக்கினால், ஒரு பிக்சல் 20 மீற்றர். அதன் பரப்பு 400 சதுர மீற்றர். அதற்குள் உங்கள் கலங்கள் நான்கு அடங்கும். அண்மையான ஒன்றை மட்டும் எடுத்தால் மற்ற மூன்றும் கண்ணில் படாமலே போகும். ஒரு கல அகலமுள்ள தாம்போதி சில பிக்சல்களில் தெரிந்து, சிலவற்றில் மறைந்து, புள்ளிக் கோடாகத் தோன்றும். அறாத தாம்போதியைக் காட்டவென்றே நெய்யரியை மாற்றிய ஒருவருடைய முதலாவது படத்தில் அது அறுந்து தெரிந்தால் எவ்வளவு கவலையாக இருக்கும்! இந்த அளவில் அறுகோணியா சதுரமா என்பதை எவருடைய கண்ணும் பிரித்தறியாது. ஒவ்வொரு திரைப் பிக்சலுக்குள்ளும் விழும் கலங்கள் எல்லாவற்றையும் சராசரியாக்குவது ஒன்றே முக்கியம். வகைப் படமாக இருந்தால் அந்தப் பிக்சலுக்குள் நீரின் பங்கு எவ்வளவு என்று எண்ணி, அதை நீலத்தின் செறிவாகக் காட்டுங்கள்.

‘திரும்பவும் சதுரத்துக்கு மாற்றினால் பயன் போய்விடாதா’ என்ற கேள்விக்கு வருகிறேன். திரையில் காட்டுவது எப்படியும் சதுரத்துக்கு மாற்றுவதுதான். திரை சதுரப் பிக்சல்களால் ஆனது. அந்த மாற்றத்தின் பின்னர் வரும் படத்தில் இருந்து எதையும் அளக்கக்கூடாது என்பதே விதி. நீர்ப்பரப்பு, கரை நீளம், இணைப்பு எல்லாவற்றையும் அறுகோணி அணியிலேயே கணித்து வைத்துவிட்டு, திரைப் படத்தைப் பார்வைக்கு மட்டும் உண்டாக்குங்கள். 8க்கு 7இன் 1 சதவீதப் பிழை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் யாராவது அந்தப் படத்தில் அளவுகோல் வைத்து அளந்தால் அது அவருடைய விடையில் வந்து சேரும். தரவையே இரு நெய்யரிகளுக்கும் இடையே மாற்றி மாற்றி எடுக்கவேண்டிய தேவை வந்தால், படத்தைப் பக்கமாகச் சாய்க்கும் மூன்று சரிவு மாற்றங்களால், நிரை நிரையாக ஒரு பரிமாண வடிகட்டலோடு, மீளக்கூடிய வகையில் செய்யும் முறை 2008 இல் வெளிவந்திருக்கிறது. கொண்டா, வான் டி வில் முதலியோரின் கட்டுரை.

அறிக்கையில் எழுதும்போது ஒரு விடயத்தில் கவனமாக இருங்கள். அறுகோணி மாதிரியெடுப்பால் 13.4 சதவீத மாதிரிகள் மிச்சமாகும் என்று பல இடங்களில் காண்பீர்கள். பீற்றர்சனும் மிடில்ற்றனும் 1962 இல் நிறுவிய கொள்கையில் இருந்து வருவது அது. 1979 இல் மெர்செரோ அதை விரிவாக எழுதினார். எல்லாத் திசைகளிலும் ஒரே மீடிறன் எல்லை (எவ்வளவு நுணுக்கமாக மாறலாம் என்ற வரம்பு) உடைய ஒரு சமிக்ஞையைத் தொடக்கத்திலேயே அறுகோணியாக மாதிரியெடுத்தால்தான் அந்த மிச்சம். உங்கள் தரவு சதுர உணரியில் பிறந்து பிறகு மாற்றப்பட்டது. நீங்கள் அந்த நன்மையை உரிமைகோர முடியாது. உங்கள் நன்மை இணைப்பில் இருக்கிறது, அதுவே போதிய வலு உடையது. தாம்போதிகளின் பாலங்களுக்குக் கீழால் நீர் உண்மையில் ஓடுகிறது என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். படம் சொல்லும் பிரிவு மேற்பரப்பின் பிரிவு மட்டுமே.

கரையோரன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியர் சொன்னபடி மூன்று பார்வைகளையும் பிரித்து வைத்துவிட்டேன். ஒரு கலம் திரையில் ஒரு பிக்சலுக்கும் குறைவாக வரும்போது சராசரி. அதில் இருந்து எட்டுப் பிக்சல் வரை, சுட்டிப் படத்துக்கு முக்கோணி இடைக்கணிப்பும் வகைப் படத்துக்குக் கணிச்சி அண்ணாவின் முறையும். அதற்கு மேலே 56 பிக்சல் கலங்கள். முழுப்படத்தில் பண்ணைத் தாம்போதி இப்போது மெல்லிய, ஆனால் அறாத கோடாகத் தெரிகிறது. மண்டைதீவுப் பக்கத்தில் அது வளையும் இடத்தைக் கிட்டப் பார்வையில் திறந்தால், நிலக் கலங்கள் ஒவ்வொன்றும் அடுத்ததோடு முழுப் பக்கத்தால் ஒட்டிக்கொண்டு செல்வதை எண்ணிக்கூடப் பார்க்கலாம்.

இன்னும் இரண்டு சிக்கல்கள் மிஞ்சியிருக்கின்றன. ஆய்வுகூடக் கணினியில் ஒழுங்காகத் தெரியும் 56 பிக்சல் கலங்கள், எனது மடிக்கணினியில் சீரற்றுத் தெரிகின்றன. சில நிரைகள் தடித்தும் சில மெலிந்தும், படம் முழுவதும் மங்கலான பட்டைகள் ஓடுகின்றன. மற்றது, அறிக்கைக்காகச் சிறு பகுதியைப் பல்கோணிகளாகப் பிடிஎஃப் கோப்பில் சேமித்தால், ஒரே நிறக் கலங்களுக்கு இடையிலும் மயிரிழை போல வெள்ளைக் கோடுகள் தெரிகின்றன. நான் எல்லைக் கோடு எதுவும் வரையச் சொல்லவில்லை.

வடலி

மடிக்கணினியின் திரை அமைப்பில் அளவு 125 சதவீதம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். பல மடிக்கணினிகள் வாங்கும்போதே அப்படித்தான் வரும். 8க்கு 7 கட்டியை 1.25 ஆல் பெருக்கினால் 10க்கு 8.75, முக்கால் பிக்சல் என்று திரையில் எதுவும் இல்லாததால் இயங்குதளம் சில வரிகளை அகட்டியும் சிலவற்றைக் கலக்கியும் விடுகிறது. அந்த ஒழுங்கின்மை நான்கு நிரைக்கு ஒருமுறை திரும்ப வருவதுதான் உங்களுக்குப் பட்டையாகத் தெரிகிறது. அளவை 100க்குக் கொண்டுவந்தால் நின்றுவிடும். எல்லோருடைய கணினியிலும் சரியாகத் தெரியவேண்டும் என்றால், நிரலே திரையின் உண்மைப் பிக்சல் எண்ணிக்கையைக் கேட்டு அறிந்து அதற்கு ஏற்ப வரையவேண்டும். உலாவியில் காட்டுவதாக இருந்தால் சாதனப் பிக்சல் விகிதம் என்று ஒரு பெறுமானம் கிடைக்கும். வரைபலகையின் அகல உயரத்தை அதால் பெருக்கிவிடுங்கள். முழு எண்ணாக வராத விகிதங்களில் 56 பிக்சல் வழியை விட்டுவிட்டு, கணிச்சியின் 16 இடச் சராசரி வழியைப் பயன்படுத்துவது நல்லது. அதற்கு எந்த விகிதமும் ஒன்றுதான்.

படங்களைப் பிஎன்ஜி ஆகவே சேமியுங்கள். ஜேபெக் படத்தை 8க்கு 8 கட்டங்களாக வெட்டிச் சுருக்குவது. உங்கள் 7 வரி நிரைகள் அந்தக் கட்டங்களோடு பெரும்பாலும் ஒத்துப்போகா, விளிம்புகளில் அழுக்குப் படியும்.

கணிச்சி

வெள்ளைக் கோடு உங்கள் தரவின் பிழை அன்று. பிடிஎஃப் காட்டியின் விளிம்பு வழவழப்பாக்கம். இரண்டு பல்கோணிகள் ஒரு பிக்சலின் நடுவே சந்திக்கின்றன என்று கொள்ளுங்கள். முதலாவது அந்தப் பிக்சலின் பாதியை மூடுகிறது. மீதிப் பாதி தாளின் வெள்ளை. இரண்டாவது வந்து, ஏற்கெனவே கலந்திருக்கும் அந்த நிறத்தின் மீது தன் பாதியைப் பூசுகிறது. ஆகவே தொடக்க வெள்ளையின் கால்வாசி கடைசிவரை மிஞ்சிவிடுகிறது. அந்தக் கால்வாசிதான் மயிரிழை. பல்கோணியின் விளிம்பு நிறத்தை உள்நிறமாகவே வைத்து, மிக மெல்லிய தடிப்பும் கொடுத்தால், கலங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறிக் கோடு மறைந்துவிடும். மேட்பிளாட்லிப்பில் பல்கோணித் தொகுப்புக்கு விளிம்பு நிறம் ‘ஃபேஸ்’ என்று கொடுப்பது அதற்காகவே. இன்னும் உறுதியான வழி, வரைபடத்தின் எழுத்தையும் அச்சுகளையும் பல்கோணியாக விட்டுவிட்டு, கலங்களை மட்டும் பிக்சல் படமாக்கி உள்ளே வைப்பது.

அச்சுக்கு அளவையும் முன்கூட்டியே கணியுங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் 160 மில்லிமீற்றர் அகலமான படம் என்றால் ஏறத்தாழ 1890 புள்ளிகள். உங்கள் 1861 நிரல்களுக்குக் கலத்துக்கு ஒரு புள்ளிதான் கிடைக்கும். எனவே முழுப்படத்தை ஆசிரியர் சொன்ன சராசரி முறையில் போட்டுவிட்டு, பண்ணைப் பகுதியில் 60 கலம் அகலமான ஒரு துண்டை அருகே 60 மில்லிமீற்றர் அகலத்தில் தனியாக வையுங்கள். ஒரு கலம் ஒரு மில்லிமீற்றர், ஏறத்தாழ 12 புள்ளிகள்; அறுகோணி கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். இரண்டு படங்களிலும் அளவுச் சட்டத்தை மீற்றரில், நிலத் தூரத்தில் இருந்து நேரே கணித்துப் போடுங்கள். கலங்களை எண்ணி 10 ஆல் பெருக்கினால் கிடையாகவும் நெடுக்காகவும் இரண்டு வெவ்வேறு பிழைகள் வரும்.